டாக்டர் ரபியுத்தீன் அகமது

பல் போனால் சொல் போம் என்பது பழமொழி. ஆயினும் பல்லைக் காப்பதைத் தனியொரு கல்வியாக நம் நாட்டார் நெடுங்காலம் மதித்தாரல்லர். பிடுங்கி எறிவதே வைத்தியமென்றிருந்த அந்நிலையை மாற்ற உழைத்த பெரியார் ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ரபியுத்தீன் அகமது 1890-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் கீழை வங்காளத்தில் பிறந்தார். அலிகாரில் பயின்றபின் அமெரிக்கா சென்று, 1915-இல் அயோவா சர்வகலாசாலையில் பல்வைத்தியப் பட்டம் பெற்றார். பின்னர்ப் பாஸ்டன் நகரில் குழந்தைகளுக்கென்றே அமைந்த பார்சித் பல்வைத்தியசாலையில் பணியாற்றினார்.

குழந்தைகளுக்குத் தனி வைத்தியசாலை எற்றுக்கென்று சிலர் வினவக்கூடும். நன்னிலத்துக் களத்துமேட்டில் ஓடியாடும் எட்டு வயதுச் சிறுவன் இடறி வீழ்ந்து முன்பல்லை முறித்துக்கொள்கிறான் என்போம். உள்ளிருக்கும் பற்கூழ் சிவந்து வெளித்தோன்றும். அப்பல் இனி விழுந்து முளைப்பதன்று. ஆயினும் அதன் வேர் இன்னும் முற்றவில்லை. பல் வெளிவந்து ஏறக்குறைய மூன்றாண்டு சென்றபின்னரே வேர்நுனி மூடும். அதற்குள் கூழ் மடிந்தால், வேர் பிடியாத நாற்றுப்போல அப்பல் வளர்ச்சி குன்றி, மெல்லிய சுவருடன் எளிதில் முறியும். ஆதலின் சிறுவர் பல்லில் உயிரைக் காப்பதே முதற்கடன்.

அகமது 1919-இல் தாய்நாடு திரும்பி, 1920-இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதற் பல்வைத்தியக் கல்லூரியை நிறுவினார். அதற்கு வேண்டிய பொருளைத் தாம் நடத்திய சோடாக் கடையின் வருவாயினின்றும் ஈட்டினார் என்பது நாம் வியந்து போற்றத்தக்கது. பட்டம் பெற்றவர் கடை நடத்துவதா என்று நாணினாரல்லர். 1928-இல் மாணாக்கருக்கென நூலொன்றும் இயற்றினார்.

அக்கல்லூரி தோன்றிய 1920-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் ஹெர்மன் என்பார் கால்சியம் ஹைட்ராக்சைடைப் பல்வைத்தியத்திற் புகுத்தினார். நாம் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பின் இனமே அது. எனினும் வைத்தியர் கையாள வேண்டிய மருந்து, வீட்டில் தடவத்தக்கதன்று. 1978-இல் சுவீடன் நாட்டு செவெக் என்பார், வெளிப்பட்ட கூழின் மேற்பகுதியைச் சுமார் இரண்டு மில்லிமீட்டர் அளவே நீக்கி, அம்மருந்தை இட்டு மூடினால், அடியிலுள்ள கூழ் பிழைத்துக் கடினத் திரையொன்றை உண்டாக்கி, வேரும் நிறைவுறும் என்று காட்டினார்.

அகமது தம் கல்லூரியை 1949-இல் மேற்கு வங்க அரசாங்கத்திடம் ஒப்புவித்தார். பின்னர் அம்மாகாண மந்திரியாகவும் விளங்கினார். 1964-இல் பத்மபூஷண் விருது பெற்று, 1965-இல் காலமானார். சென்னையில் 1953-இல் பல்வைத்தியக் கல்வி தொடங்கியதையும் அவர் வாழ்நாளிலேயே நாடு கண்டது.

கற்ற வித்தை தம்மோடு மடியாமல் பிறர்பால் வேரூன்றச் செய்தவர் அவர். மாணாக்கராகிய நாம் அவர்பாற் கற்கத்தக்கது இதுவே.