பி. கக்கன்

பி. கக்கன் (ஜூன் 18, 1908 - டிசம்பர் 23, 1981) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் காங்கிரசுக் கட்சித் தலைவரும் ஆவார். இந்திய அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர், தமிழ்நாடு காங்கிரசுக் கமிட்டித் தலைவர் ஆகிய பொறுப்புகளை வகித்தவர். 1957 முதல் 1967 வரை சென்னை மாநில அமைச்சராக இருந்தார். மதுரை மாவட்டத்தில் நிலமற்ற தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்து உள்துறை அமைச்சராக உயர்ந்தவர். இறுதிக் காலத்தை வறுமையில் கழித்தார். எளிமைக்கும் நேர்மைக்கும் எடுத்துக்காட்டாக இவர் பெயர் இன்றும் குறிப்பிடப்படுகிறது.

பிறப்பும் இளமையும்

கக்கன் மதுரை மாவட்டம் மேலூர் அருகே உள்ள தும்பைப்பட்டி என்னும் சிற்றூரில் பறையர் சமூகத்தில் பிறந்தார். இவருடைய தந்தையார் பூசாரி கக்கன் ஊர்க்கோயில் ஒன்றில் பூசாரியாக இருந்தவர். 1895 இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் கால்வாய் நீரால் மேலூர்ச் சமவெளி நெல் விளையும் பகுதியாக மாறியிருந்தது. எனினும் வயலில் உழைத்த தாழ்த்தப்பட்ட மக்களில் பெரும்பாலோருக்குச் சொந்த நிலம் இல்லை. பொதுக்கிணறு, தேநீர்க்கடை, கோயில், பள்ளி என எங்கும் தீண்டாமை நிலவியது.

கக்கன் மேலூரிலும் திருமங்கலத்திலும் பயின்றார். கல்லூரிக் கல்வி இவருக்குக் கிட்டவில்லை. பள்ளிப் பருவத்திலேயே காங்கிரசு இயக்கத்தின்பால் ஈர்க்கப்பட்டார். இவருடைய மனைவி சொர்ணம் பார்வதி பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவர்.

வைத்தியநாத ஐயர் தொடர்பு

மதுரையின் புகழ்பெற்ற வழக்கறிஞரும் காங்கிரசுத் தலைவருமான அ. வைத்தியநாத ஐயர் (1890 - 1955) அரிசன சேவா சங்கத்தின் பணிகளை முன்னின்று நடத்தி வந்தார். கக்கனின் ஊக்கத்தைக் கண்ட அவர் சங்கப் பணிகளில் இவரை ஈடுபடுத்தினார். மேலூர்ப் பகுதிச் சேரிகளில் இரவுப் பள்ளிகள் நடத்துவது கக்கனின் தொடக்ககாலப் பணிகளுள் ஒன்று. ஐயரின் வீட்டில் இவர் பிள்ளைகளுள் ஒருவராகவே நடத்தப்பட்டார். 1955 இல் ஐயர் மறைந்தபோது அவருடைய மகன்களுடன் சேர்ந்து கக்கனும் தலையை மழித்துக்கொண்டு இறுதிச் சடங்குகளில் பங்கேற்றதாகக் கூறப்படுகிறது.

ஆலய நுழைவு

1939 ஆம் ஆண்டு வரை மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களும் நாடார்களும் அனுமதிக்கப்படவில்லை. ஊர்க்கோயிலில் பூசை செய்தவரின் மகனாகிய கக்கனும் நகரத்துப் பெருங்கோயிலின் வாயிலைக் கடக்க முடியாதவராகவே இருந்தார்.

1939 ஜூலை 8 ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட சமூகத்தினர் ஐவரும் நாடார் சமூகத்தவர் ஒருவரும் கோயிலுக்குள் சென்று வழிபட்டனர். கோயில் நிர்வாக அதிகாரி ஆர். எசு. நாயுடு இதற்குத் துணைநின்றார். பசும்பொன் உ. முத்துராமலிங்கத் தேவரும் ஆதரவு அளித்தார். எதிர்ப்புகளும் வழக்குகளும் எழுந்தன. இராசாசி தலைமையிலான சென்னை மாகாண அரசு முதலில் அவசரச் சட்டத்தையும் பின்னர் 1939 ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டத்தையும் கொண்டுவந்து, நுழைவில் பங்கேற்றவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் பாதுகாப்பு அளித்தது.

அரசியல் வாழ்க்கை

1942 இல் நடைபெற்ற வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் கலந்துகொண்டு கக்கன் சிறை சென்றார். பின்னர் இந்திய அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினரானார். 1952 இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் மதுரை நாடாளுமன்றத் தொகுதியில் வெற்றி பெற்றார். அப்போது மதுரை இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்தது. அதாவது ஒரே தொகுதியில் ஒரு பொது உறுப்பினரும் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஓர் உறுப்பினரும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இம்முறை 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நீக்கப்பட்டு, தனித்தொகுதி முறை நடைமுறைக்கு வந்தது.

1954 இல் காமராசர் முதலமைச்சரான பின்னர் கக்கன் தமிழ்நாடு காங்கிரசுக் கமிட்டியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1957 இல் மேலூர்த் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அமைச்சர் பொறுப்பு

1957 ஏப்ரல் 13 இல் காமராசர் அமைச்சரவையில் பொதுப்பணி, அரிசன நலம் ஆகிய துறைகளின் அமைச்சராகப் பொறுப்பேற்றார். வைகை அணை 1959 சனவரியில் திறக்கப்பட்டபோது பொதுப்பணித் துறை இவரிடமே இருந்தது. 111 அடி உயரமுள்ள இவ்வணை மதுரை நகரின் குடிநீருக்கும் சுற்றுப்புறச் சமவெளிப் பாசனத்துக்கும் பயன்படுகிறது.

1962 மார்ச்சில் வேளாண்மை அமைச்சரானார். காமராசர் பதவி விலகிய பின் எம். பக்தவத்சலம் தலைமையில் அமைந்த அமைச்சரவையில் 1963 அக்டோபர் 3 முதல் உள்துறை அமைச்சராக இருந்தார். இக்காலத்தில், 1964 இல், ஊழல் தடுப்புக்கான கண்காணிப்பு இயக்ககம் அமைக்கப்பட்டது.

1965 சனவரியில் மதுரையில் வெடித்து மாநிலம் முழுவதும் பரவிய இந்தி எதிர்ப்புப் போராட்டம் இவர் பதவிக் காலத்தின் கடும் சோதனையாக அமைந்தது. காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர். அதனால் அரசும் உள்துறையும் கடுமையான கண்டனத்துக்கு உள்ளாயின. 1967 பொதுத்தேர்தலில் காங்கிரசு ஆட்சியை இழந்தது. விருதுநகரில் காமராசரும், மேலூர் தெற்குத் தொகுதியில் தி.மு.க.வின் ஓ. பி. இராமனிடம் கக்கனும் தோல்வியுற்றனர்.

இறுதிக் காலம்

பத்தாண்டுகள் அமைச்சராக இருந்தும் கக்கன் சொத்து எதுவும் சேர்க்கவில்லை. பதவி இழந்தபின் வாடகை வீட்டில் வாழ்ந்தார். அரசுப் பேருந்துகளில் பயணம் செய்தார். உடல்நலம் குன்றியபோது மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் சாதாரணப் பிரிவில் சேர்ந்தார். அங்கு மதுரை முத்துவைக் காண வந்த முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன், முன்னாள் அமைச்சர் ஒருவர் அந்நிலையில் இருப்பதை அறிந்து நேரில் பார்த்து உரிய சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார். அதன்பின் அரசு இவருக்கு உதவிகள் வழங்கியது. 1981 டிசம்பர் 23 இல் கக்கன் காலமானார்.

மதிப்பீடு

கடின உழைப்பால் எவரும் உயரலாம் என்பதற்குக் கக்கனின் வாழ்க்கை சான்றாகக் காட்டப்படுவதுண்டு. இவருடைய உழைப்பு ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் வாழ்க்கை நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது, உழைப்பு மட்டுமே இவரை உயர்த்தியது என்று கூற இயலவில்லை. ஒரு பொது இயக்கமும் செல்வாக்குள்ள வழக்கறிஞர் ஒருவரின் ஆதரவும் இவருடைய தொண்டுக்குக் களம் அமைத்தன. கோயிலின் கதவைத் திறக்கப் போராட்டமும், அது மீண்டும் மூடாதிருக்கச் சட்டமும் தேவைப்பட்டன. நாடாளுமன்றத்துக்குச் செல்ல ஒதுக்கீட்டு இடம் வழிசெய்தது. இவரைப் போலவே தும்பைப்பட்டி வயல்களில் பாடுபட்ட மற்றவர்களுக்கு இவ்வாய்ப்புகள் அமையவில்லை. அவர்கள் இவரைவிடக் குறைவாக உழைத்தவர்கள் அல்லர்.

மறுபுறம், வாய்ப்புகள் மட்டுமே கக்கனை உருவாக்கின என்பதும் பொருந்தாது. ஒதுக்கீட்டு இடங்கள் பலருக்குக் கிடைத்தன. கட்சித் தலைமையும் உள்துறையும் அவருள் மிகச் சிலருக்கே வந்தன. இவருடைய முதுமை மற்றோர் உண்மையையும் உணர்த்துகிறது. பரம்பரைச் சொத்துடைய அரசியல்வாதி பதவி இழந்தால் தன் நிலத்துக்குத் திரும்ப முடியும். நேர்மையாக வாழ்ந்த கக்கனுக்குத் திரும்பிச் செல்ல அத்தகைய நிலம் இருக்கவில்லை. பதவியால் மாறிய இவருடைய சமூக மதிப்பு, பொருளாதார நிலையை மாற்றவில்லை.

நினைவு

இந்திய அஞ்சல் துறை 1999 இல் கக்கனின் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. தும்பைப்பட்டியில் தமிழக அரசு இவருக்கு மணிமண்டபம் அமைத்துள்ளது.