நாமகிரித் தாயாரின் அருட்செல்வர் ஸ்ரீநிவாஸ ராமானுஜன்

எம்பெருமான் எந்த வித்தையை எவரிடத்தில் விளங்கச் செய்வான் என்பதை அறிந்தவர் இலர். கணித மேதை ராமானுஜனின் சரித்திரம் இதற்குச் சான்றாகும்.

சர்வஜித்து வருஷம் மார்கழி மாதம், அதாவது 1887 டிசம்பர் 22-ஆம் நாள், ஈரோட்டில் ஓர் எளிய ஸ்ரீவைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் ஸ்ரீநிவாஸ ஐயங்கார் கும்பகோணத்தில் ஜவுளிக் கடைக் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுபவர். இல்லம் ஆராவமுதன் எழுந்தருளியுள்ள சார்ங்கபாணி சந்நிதித் தெருவில். குலதெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார்.

கணக்கிலேயே மனம் லயித்ததால் மற்றப் பாடங்களில் தவறிக் கல்லூரி உதவித்தொகையை இழந்தார். 1910-இல் குமாஸ்தா வேலை நாடி, முதலாழ்வார் மூவரும் இடைகழியில் கூடிய திருக்கோவலூருக்கு வந்தார். அந்நாளில் அத்தலம் நமது கம்மாபுரம் அடங்கிய தென்னார்க்காடு ஜில்லாவிலேயே இருந்தது. அங்கு டெப்டி கலெக்டராயிருந்த வி. ராமஸ்வாமி ஐயர், இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-இல் நிறுவியவர். நோட்டுப் புத்தகங்களைக் கண்ணுற்ற அவர், இத்தகைய அறிவைத் தாலுகா கச்சேரியில் முடக்க மனமின்றிச் சென்னைக்கு அனுப்பி வைத்தார். 1912-இல் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் வேலை கிடைத்தது. மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார்.

சீமைக்கு அழைப்பு வந்தபோது ஆசாரம் தடுத்தது. நாமக்கல் சந்நிதியில் தங்கியபோது தாயாரின் அநுமதி கிடைத்ததென்பர். 1914 மார்ச் 17-இல் கப்பலேறினார்.

1915-இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி, தன்னிலும் சிறிய எல்லா எண்களையும்விட மிகுதியான வகுத்திகளை உடைய எண்களைப் பற்றியது. ஆழ்வார்கள் 12 பேர். 12-ஐ 1, 2, 3, 4, 6, 12 ஆகிய 6 எண்கள் மீதியின்றி வகுக்கும். அதனிற் சிறிய எந்த எண்ணுக்கும் 6 வகுத்திகள் இல்லை. காயத்ரியின் அக்ஷரங்கள் 24. அதற்கு 8 வகுத்திகள். பிரபவ முதலான ஆண்டுகள் 60, அதற்கு 12. திவ்யதேசங்களின் தொகையாகிய 108-க்கும் 12 வகுத்திகளே. 60 முந்திக்கொண்டதால் 108 இவ்வரிசையில் சேராது.

இவ்வரிசையை அவர் 6746328388800 வரை கொண்டு சென்றார். ஏறத்தாழ ஆறே முக்கால் லக்ஷம் கோடியாகிய இவ்வெண்ணுக்கு 10080 வகுத்திகள். இடையே 293318625600 என்ற ஓரெண் மட்டும் விடுபட்டது. 5040 வகுத்திகளுடைய அதனைப் பின்வந்தோர் சேர்த்தனர். யுத்தகால நெருக்கடியால் அச்சேறாத பிற்பகுதி, விளக்கக் குறிப்புகளுடன் 1997-இல் வெளிவந்தது. இவ்வாராய்ச்சிக்கே 1916-இல் பி.ஏ. பட்டம் பெற்றார், 1918-இல் ராயல் சொஸைட்டி அங்கத்தினரானார்.

சைவ உணவு வழுவாது, குளிரிலும் யுத்தகாலப் பற்றாக்குறையிலும் வாடி நோயுற்று, 1919-இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26-இல் சென்னை சேத்துப்பட்டில் 32-ஆம் வயதில் திருநாடு அலங்கரித்தார். கடல் கடந்ததற்குப் பிராயச்சித்தம் செய்யவில்லையென வைதிக உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை என்பர். தாயார் அநுமதித்த யாத்திரையை மனிதர் மன்னிக்கவில்லை! தன்னை வகுப்போர் எத்தனை பேராயினும் மீதி வையாத எண்களை நாடியவருக்கு, உறவினர் கணக்கில் மீதி நின்றது. அவருடைய கணக்கோ இன்றும் உலகெங்கும் ஓதப்படுகின்றது.

கல்வியைத் தந்தருளும் தாயார் கற்றவரைப் போற்றும் உள்ளத்தையும், திருவிழா ஸேவிக்க வந்துள்ள பக்தர் அனைவருக்கும் அருள்வாளாக.

சுபம்.