தோல்ஸ்தோய் பண்ணையிற் காந்தியடிகள்

தென்னாபிரிக்கச் சத்தியாக்கிரகத்திற் சிறைசென்றோருடைய குடும்பங்களைப் பேணுதற்பொருட்டுக் கலன்பாக் என்னும் நண்பர், 1910ஆம் ஆண்டிலே, ஜொகன்னஸ்பேர்க்குக்கு 21 மைல் தூரத்திலுள்ள 1,100 ஏக்கர் நிலத்தைக் காந்தியடிகளுக்கு வாடகையின்றி உதவினார். ஆங்குக் குடியேறினோருட் பலர் தமிழர் என்பது நமக்கு உவகை தருவதாம்.

பண்ணையிலே வேலைக்காரர் இலர். சமையல் முதல் மலசுத்தி ஈறாக யாவும் அங்குள்ளோரே செய்தனர். சிறுவர் குழி தோண்டினர், மரந் தறித்தனர், சுமை சுமந்தனர். செருப்புத் தைக்குந் தொழிலைக் கலன்பாக் கற்றுவர, அவரிடம் அடிகள் கற்றுப் பிறருக்குங் கற்பித்தார். ஆசிரியர் தாஞ் செய்யாத வேலையைப் பிள்ளைகளை ஏவலாகாதென்பது அங்கு விதி.

பள்ளிக்கூடமோ மத்தியானத்தின் பின்னரே. காலையுழைப்பினாற் களைத்த பிள்ளைகள் தூங்கிவிழுவர், ஆசிரியரும் அவ்வாறே! கண்ணில் நீர் தெளித்துக்கொண்டு பாடம் நடத்துவர். தமிழ்ப்பிள்ளைகளுக்கு அடிகளே தாமறிந்த சிறிது தமிழைக் கொண்டு எழுத்தறிவித்தார்.

மூத்த மைந்தர் ஹரிலால், முறையான கல்வி தமக்குக் கிடைத்திலதென மனம்நொந்து, 1911இல் தந்தையாரைப் பிரிந்து இந்தியாவுக்குச் சென்றார். கைவேலைப் பயிற்சியை நாம் பெரிதும் போற்றுவோமாயினும், இம்மைந்தரின் குறையைப் புறக்கணித்தல் நமக்கு ஒவ்வாது. இரண்டாம் மைந்தர் மணிலாலோ தந்தையார் காட்டிய வாழ்க்கையில் நின்று, நேற்றாலிலுள்ள பீனிக்ஸ் குடியிருப்பிலே தங்கி, 1956இல் இறக்குங்காறும் இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையை நடத்தினார்.