எச்சரிக்கை அனுப்பிய விமானி

1977 வன்முறைக்குப் பின் எங்கள் குடும்பம் ஹட்டன் பக்கத் தோட்டமொன்றை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனது. நான் பிறந்தது அங்கேதான். கிபிர் இரைச்சல் கேட்டதும் பங்கருக்குள் ஓடிய பிள்ளைகளில் நானும் ஒருத்தி. மலையகத்துக்குத் திரும்பி வந்து பல வருடங்களாகியும், தேயிலை மலைகளுக்கு மேலே விமானச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் கை வேலையை நிறுத்திவிடும். அப்படிப்பட்ட நான் ஒரு போர் விமானியின் துணிச்சலைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்ததேயில்லை.

லெனார்ட் பேர்ச்சல் 1915இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்தவர். கனேடிய விமானப்படையின் 413ஆவது அணியோடு தென்னிலங்கையின் கொக்கலைக்கு வந்து இரண்டு நாட்கள்தான் ஆகியிருந்தன. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி, கட்டலினா என்ற ரோந்து விமானத்தில் எட்டுப் பேரோடு கடலுக்கு மேலே பறந்தார். அது மெதுவாகப் பறக்கும் விமானம், சண்டைக்கு ஏற்றதல்ல. ரோந்து முடியப்போகும் நேரத்தில் தெற்கே தூரத்தில் கப்பல்கள் தெரிந்தன. திரும்பிப் போயிருக்கலாம். என்ன கப்பல்கள் என்று அறிய அவர் கிட்டப் போனார். அது ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்த யப்பானியக் கடற்படை.

செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சீரோ சண்டை விமானங்கள் அவர்களைச் சுட்டு வீழ்த்தின. மூவர் இறந்தார்கள். பேர்ச்சலோடு அறுவர் சிறைப்பட்டார்கள். ஆனால் செய்தி கரை சேர்ந்துவிட்டது. தாக்குதல் வருமென்று முன்பே எதிர்பார்த்திருந்தாலும், எங்கிருந்து, எவ்வளவு அருகில் என்பதை அதுதான் உறுதிப்படுத்தியது. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் பல வெளியே அனுப்பப்பட்டன. மறுநாள் உயிர்த்த ஞாயிறு. இரத்மலானையில் குண்டுகள் விழும்போதே ஹரிக்கேன் விமானிகள் மேலெழுந்தார்கள். பலர் திரும்பவில்லை.

அவர் காத்தது எங்களுக்கு நியாயம் செய்த அரசை அல்ல. முல்லோயா தோட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் இறந்து அப்போது இரண்டு வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஆனாலும் எச்சரிக்கையால் தப்பியவர்கள் மனிதர்கள்.

என்னை அதிகம் தொட்டது அதற்குப் பிந்திய மூன்றரை வருடங்கள். யப்பானிய முகாம்களில் நோயாளிகளை வேலைக்கு இழுத்தபோது பேர்ச்சல் காவலரை எதிர்த்தார். ஒருவரை அடித்தும் விட்டார். நோயாளிகளை விடும்வரை எவரும் வேலை செய்வதில்லை என்று கைதிகளை உட்காரவைத்தார். அதற்காகக் கடுமையாக அடிவாங்கினார். நடந்தவற்றை ஒளித்து ஒளித்து எழுதியும் வைத்தார். போருக்குப் பின் நடந்த விசாரணைகளில் அந்தக் குறிப்புகள் சாட்சியமாயின.

2004 செப்டெம்பரில், 89 வயதில், கனடாவில் இறந்தார்.

எங்கள் பங்கர்களுக்கு முன்கூட்டியே செய்தி அனுப்ப எவரும் இருக்கவில்லை. சத்தத்தை வைத்துத்தான் ஓடப் பழகினோம். அதனால்தான், குண்டு போட்டவர்களின் வீரக்கதைகளை வாசிக்க முடியாத எனக்கு இந்த ஒருவரின் கதையை முழுவதும் வாசிக்க முடிந்தது. நடந்ததை எழுதி வைப்பதும் துணிச்சல்தான் என்பதை அவரிடம் கற்றேன். எங்கள் ஆட்களிடம் கேட்டு எழுத வேண்டியவை இன்னும் நிறைய இருக்கின்றன.