காரைக்குடி தந்த வள்ளல்

போடிமெட்டு ஏறும்போது டார்ச் மங்கினால் என்ன செய்வோம்? மூடியை இறுக்கித் திருகுவோம், செல்லின் முனையைத் துடைப்போம். சரியாகத் தொடாவிட்டால் நல்ல செல்லும் உதவாது. இதே சிக்கலோடு விஞ்ஞானிகள் மல்லுக்கட்டும் இடங்களில் ஒன்று காரைக்குடி 'சிக்ரி'. அதற்கு வழிவகுத்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார்.

1909 ஏப்ரல் 6-இல் கோட்டையூரில் பிறந்தார். சென்னையில் எம்.ஏ., லண்டனில் பாரிஸ்டர் படிப்பு. விமானம் ஓட்டவும் கற்றார். நெசவாலை நடத்திச் சம்பாதித்ததைக் கல்லூரிகளுக்கு வாரிக் கொடுத்தார். மின்வேதியியல் ஆய்வகம் நம்ம பக்கம் வரட்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார்; 1953-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். 48 வயது நிறைய ஒரே நாள் இருக்கையில், 1957 ஏப்ரல் 5-இல் வள்ளல் மறைந்தார்.

லித்தியம் செல்லில் உள்ள திரவம் இண்டு இடுக்கெல்லாம் நனைக்கும், ஆனால் தீப்பிடிக்கும். திடப்பொருள் வைத்தால் அந்தப் பயம் குறையும். ஆனால் கல்லோடு கல் வைத்த மாதிரி அங்கங்கேதான் தொடும். இடைவெளியில் அயனி தாண்டாது. அழுத்திப் பிடிப்பதும், நடுவே மிருதுவான பாலிமர் படலம் வைப்பதும் இதற்கான வழிகள்.

அவர் கொடுத்த மண்ணில் லித்தியம் ஆராய்ச்சி இன்றும் நடக்குது. நம்ம செட்டிலிருந்து ஒருத்தராவது அங்கே போக வேண்டாமா?