மோட்டிவேஷன் இருந்தால் போதுமா? பென்னிகுவிக் கதையில் நாம் கவனிக்காத பக்கம்!

வேலையில் சோர்ந்து உட்காரும்போதெல்லாம் உங்கள் போனில் ஒரு மோட்டிவேஷன் ரீல்ஸ் வந்துவிடும். நீங்கள் தேனி மாவட்டத்துக்காரர் என்றால், அதில் வரும் முகம் பெரும்பாலும் கர்னல் ஜான் பென்னிகுவிக்காகத்தான் இருக்கும். தேவாரம், போடி பக்கம் 18-ஆம் கால்வாயில் வருவது அவர் கட்டிய முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர்தான். ஆனால், அவர் கதையை முழுசா கேட்டிருக்கீங்களா?

1841 ஜனவரி 15-ல் புனேயில் பிறந்தார். எட்டு வயது நிறைய இரண்டே நாள் இருக்கும்போது, சிலியன்வாலா போரில் அப்பாவும் அண்ணனும் ஒரே நாளில் இறந்துபோனார்கள். அந்தப் பையன்தான் வளர்ந்து ராணுவப் பொறியாளராகி மதராஸ் மாகாணத்துக்கு வந்தார்.

மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்ப வேண்டும். இதுதான் திட்டம். அவருக்கு முன்பே 1850-ல் அங்கே ஒரு சின்ன அணை வேலை தொடங்கியது. அந்தக் காட்டில் உடம்பு கெடுகிறது, அதற்கேற்ற கூலி வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். வேலை அத்தோடு நின்றுபோனது.

பென்னிகுவிக்கின் திட்டத்துக்கு 1884-ல் ஒப்புதல் கிடைத்தது. 1887-ல் வேலை ஆரம்பம். ஆற்றை மறித்துப் போட்ட தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போனது. மனுஷன் விடவில்லை. சொத்தை விற்றுக் கட்டினார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அந்தக் கதையைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், எட்டு வருஷம் அங்கே தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம். 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது.

ரீல்ஸ் இங்கே முடிந்துவிடும். நாம் இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்.

அணை கட்டும்போது நோயால் இறந்தவர்கள் 483 பேர் என்கிறது கணக்கு. அணைக்குப் பக்கத்திலேயே அவர்களுக்குக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பெரிய எதிரி மலேரியா. அது கொசுவால் பரவுகிறது என்று ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்ததே 1897-ல்தான், அணை திறந்து இரண்டு வருஷம் கழித்து. அதாவது, காய்ச்சல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் அத்தனை பேரும் கல் சுமந்திருக்கிறார்கள். அவர்களிடம் போய் மனசு வைத்தால் முடியும் என்று சொல்லியிருந்தால் காய்ச்சல் இறங்கியிருக்குமா?

பர்ன்-அவுட்டும் கிட்டத்தட்ட இப்படித்தான். சரிவர கையாளப்படாத, நீண்டகால வேலையிட அழுத்தத்தால் வருவது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அதை வரையறுத்தது. அதன் மூன்று அடையாளங்கள்: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனசு விலகுவது, செய்யும் வேலையில் திறன் குறைவது. இரண்டாவதைப் பார்த்துவிட்டு, நமக்கு ஆர்வம் போய்விட்டது என்று நம்மையே திட்டிக்கொள்கிறோம். முதலாவது எதனால் வந்தது என்று யோசிப்பதில்லை.

பென்னிகுவிக்குக்கு ஒரு கனவு இருந்தது. முடிவெடுக்கும் அதிகாரமும் பதவியும் இருந்தன. அவரைத் தாங்கிப்பிடித்ததில் இதற்கெல்லாம் பங்கு உண்டு. கல் சுமந்தவர்களுக்கு அவை கிடையாது. விடியக்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் அக்காவுக்கும், இரவு ஷிப்ட்டில் கண்விழிக்கும் உங்களுக்கும் இது பொருந்தும்.

அணை முடிந்த மறுவருஷமே அவர் இந்தியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். இங்கிலாந்தில் பொறியியல் கல்லூரித் தலைவரானார். 1911 மார்ச் 9-ல் காலமானார்.

ஒவ்வொரு ஜனவரி 15-லும் பாலார்பட்டி மக்கள் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். நன்றி சொல்ல வேண்டியவர்தான். அந்த 483 பேரையும் சேர்த்தே நினைப்போம். அடுத்த முறை சோர்ந்து உட்காரும்போது, இன்னொரு ரீல்ஸ் தேடும் முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: குறைந்திருப்பது உங்கள் ஆர்வமா, இல்லை காய்ச்சல் அந்த இடத்திலேயே இருக்கிறதா? இடத்தில்தான் என்றால், 1850-ல் அந்தத் தொழிலாளர்கள் செய்த மாதிரி, வாயைத் திறந்து கேளுங்கள்.