எல். எம். கில்பிரெத் யார்?

மெக்கானிக்கல், புரொடக்‌ஷன் படிக்கிறவங்களுக்கு 'தெர்ப்ளிக்' என்ற சொல் தெரியாம இருக்காது. ஒர்க் ஸ்டடி பாடத்துல ரெண்டு மார்க் கேள்வியா வந்துட்டுப் போகும். தேடுவது, பிடிப்பது, நகர்த்துவது, வைப்பது என்று கைவேலையைப் பிரித்துப் பார்க்கும் அடிப்படை அசைவுகளுக்கு வைத்த பெயர் அது. கில்பிரெத் என்ற பெயரின் ஆங்கில எழுத்துக்களைக் கடைசியிலிருந்து திருப்பிப் போட்டு, டி-யையும் ஹெச்-சையும் மட்டும் பிரிக்காமல் விட்டால் தெர்ப்ளிக் வந்துவிடும். பரீட்சையில நாம எல்லாரும் ஃபிராங்க் கில்பிரெத்னு எழுதி மார்க் வாங்கிடுறோம். ஆனா கில்பிரெத் ரெண்டு பேர். நான் சொல்லப் போறது இன்னொருத்தரைப் பற்றி. ஹெச்.ஆர். ரவுண்டை நினைச்சுப் பயந்துகிட்டு இருக்கிற ஃபைனல் இயர் மக்கள், எந்த டிபார்ட்மெண்டா இருந்தாலும் படிங்க. அந்தத் துறை உருவாகிக்கொண்டிருந்த காலத்தின் கதை இது.

லில்லியன் மோலர் 1878-ல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் பிறந்தார். வசதியான குடும்பம், நிறைய தம்பி தங்கைகள். வசதியான வீட்டுப் பொண்ணுக்குக் காலேஜ் எதுக்கு என்பது அப்பாவின் கட்சி. இந்த வசனத்தை நீங்களும் எங்கேயாவது கேட்டிருப்பீங்க. ஒரு வருஷம் மட்டும் போய்ப் பார்க்கிறேன் என்று அனுமதி வாங்கி பெர்க்லியில் சேர்ந்தவர், 1900-ல் இலக்கியத்தில் பட்டம் வாங்கினார். அந்தப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் மாணவர்கள் சார்பில் பேசிய முதல் பெண் அவர்தான். பிறகு அதே இலக்கியத்தில் எம்.ஏ. இன்ஜினியரிங் வாசனையே கிடையாது.

1904-ல் ஃபிராங்கைக் கல்யாணம் பண்ணினார். ஃபிராங்க் காலேஜ் பக்கம் போகாதவர். கொத்தனார் வேலை கத்துக்கிட்டு, காண்ட்ராக்டரா வளர்ந்தவர். ஒவ்வொரு கொத்தனாரும் ஒவ்வொரு மாதிரி செங்கல் வைக்கிறதைப் பார்த்து, எது தேவையான அசைவு, எது வீண் என்று கணக்கெடுத்தார். சுவர் உயர உயர ஏறும் சாரம், குனியாமல் எடுக்கும் உயரத்தில் செங்கல், சரியான பதத்தில் சாந்து. இப்படிச் செய்து ஒரு செங்கல்லுக்கு 18 அசைவை 5-ஆகக் குறைத்தார். ஒரு ஆள் மணிக்கு 120 செங்கல் வைத்த இடத்தில் 350 வைக்க முடிந்தது.

இதே காலத்தில் ஃபிரெடெரிக் டெய்லர் கையில் ஸ்டாப்வாட்ச்சோடு தொழிற்சாலைகளை மாற்றிக்கொண்டிருந்தார். தொழிலாளிகளுக்கு அந்தக் கடிகாரத்தைக் கண்டாலே ஆகாது. 1911-ல் வாட்டர்டவுன் ஆயுதத் தொழிற்சாலையில் வார்ப்பு வேலைக்காரர்கள் இதனாலேயே ஸ்ட்ரைக்கில் இறங்கினார்கள். கடிகாரத்தில் தப்பில்லை, அதைப் பிடிச்சிருக்கிறவர் எதிரில் நிற்கும் ஆளோட மனசைப் பார்க்கலையே என்பதுதான் லில்லியனின் பிரச்சினை. அதனால் சைக்காலஜி பக்கம் திரும்பினார். வேலைக்குள்ள இருக்கிற மனுஷன் எப்படிக் கத்துக்கிறான், எதனால சலிச்சுப் போறான், எது அவனை மேலே வரத் தூண்டுது என்பதை ஆய்வேடாக எழுதி பெர்க்லிக்கு அனுப்பினார். ஆய்வேடு சரி, ஆனால் வளாகத்தில் தங்கிப் படிக்கவேண்டிய காலம் குறைகிறது என்று சொல்லிப் பட்டம் மறுக்கப்பட்டது. கைக்குழந்தைகளோடு நாட்டின் மறுகோடியில் இருந்தவர் எப்படிப் போய்த் தங்குவார்?

சரி, புத்தகமாவது போடலாம் என்றால், எழுதியது பெண் என்று தெரியக்கூடாது என்றார் பதிப்பாளர். 1914-ல் 'மேலாண்மையின் உளவியல்' வெளிவந்தபோது அட்டையில் இருந்த பெயர் எல். எம். கில்பிரெத். தனித்தன்மை, அளவீடு, பதிவேடு, கற்பித்தல், ஊக்கம், நலன் என்று அதில் அத்தியாயங்கள் போகும். நம்ம எம்.பி.ஏ. அண்ணன்கள் வச்சிருக்கிற ஹெச்.ஆர். புத்தகத்தின் பொருளடக்கத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்க, பாதி ஒத்துப் போகும். அடுத்த வருஷமே பிரவுன் பல்கலைக்கழகத்தில் வேறொரு ஆய்வேடு எழுதி டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார்.

எனக்கு அவங்க வேலையில் ரொம்பப் பிடிச்சது, 1916-ல் கணவனும் மனைவியும் சேர்ந்து வெளியிட்ட 'மூன்று நிலை' பதவி உயர்வுத் திட்டம். ஐடியா எளிமையானது. ஒரு நிறுவனத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரே நேரத்தில் மூணு இடம் உண்டு. நேத்து பார்த்த வேலை, இன்னைக்குப் பார்க்கிற வேலை, நாளைக்குப் போகவேண்டிய வேலை. நேத்தைய வேலைக்கு இப்போ வந்திருக்கிறவருக்கு நீங்கதான் வாத்தியார். நாளைய வேலையில் இப்போ இருக்கிறவருக்கு நீங்க மாணவர். நடுவில் உங்க சொந்த வேலையும் ஓடணும். யார் எங்கே போகிறார் என்பதை விளக்கப்படமாகப் போட்டு வைத்து, பதவி உயர்வுக்குப் பொறுப்பான ஒருவர் ஒவ்வொருத்தரோடும் உட்கார்ந்து பேசவேண்டும்.

இது என்ன பெரிய விஷயம்னு தோணும். ஒரு ஒர்க்‌ஷாப்பை நினைச்சுப் பாருங்க. இருபது வருஷ அனுபவமுள்ள மெஷினிஸ்ட் புதுப் பையனுக்கு ஏன் சூட்சுமத்தைச் சொல்லிக் கொடுக்க மாட்டேங்கிறார்? சொல்லிக் கொடுத்தால் தன் இடம் போயிடும் என்ற பயம். இந்தத் திட்டத்தில் கீழே ஒருத்தரைத் தயார் பண்ணாம நீங்க மேலே போகவே முடியாது. சொல்லிக் கொடுப்பது தியாகம் இல்லாம, தன் வழியைத் தானே திறந்துக்கிறதா ஆகிடுது. எங்கேயும் போய்ச் சேராத முட்டுச்சந்து வேலை என்று ஒன்று இருக்கவே கூடாது என்பது அவர்கள் நோக்கம்.

ஓட்டை இல்லாத திட்டம்னு சொல்ல மாட்டேன். மேலே போகப் போக இடம் குறையும். பத்து பேர் தயாரா நின்னா ஒரு நாற்காலிதான் காலியாகும். நிறுவனம் வளர்ந்துக்கிட்டே இருந்தாத்தான் கணக்கு சரியா வரும். அதோட, இவங்களை வேலைக்கு அழைத்தவர்கள் முதலாளிகள்தான். மிச்சமான நேரம் ஓய்வுக்குப் போச்சா, கூடுதல் உற்பத்திக்குப் போச்சா என்று தொழிலாளி கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனாலும், உட்கார்ந்து வேலை செய்ய நாற்காலி, இடையில் ஓய்வு, ஆலோசனைப் பெட்டி, வீட்டுக்கு எடுத்துப் போகப் புத்தகம் என்றெல்லாம் 1912 வாக்கிலேயே பிராவிடன்ஸ் நகரத் தொழிற்சாலையில் நடைமுறைப்படுத்தியவர்கள் அவர்கள்.

1924 ஜூன் 14. ஐரோப்பாவில் இரண்டு மாநாடுகளுக்குக் கப்பலேற சில நாட்களே இருந்தன. ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு போன் பேசும்போது மாரடைப்பு வந்து ஃபிராங்க் இறந்துபோனார். வீட்டில் 11 பிள்ளைகள். மூத்தவளுக்கு இன்னும் 19 ஆகவில்லை. கடைக்குட்டிக்கு சுமார் இரண்டு வயசு. லில்லியன் அந்தக் கப்பலில் ஏறினார். லண்டனிலும் பிராகிலும் நடந்த மாநாடுகளில் கணவரின் இடத்தில் கலந்துகொண்டார்.

திரும்பி வந்தால் ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாக நழுவின. இருபது வருஷம் கூடவே வேலை செய்தவர், டாக்டர் பட்டம் வாங்கியவர், ஆனாலும் தொழிற்சாலைக்கு ஆலோசனை சொல்ல ஒரு பெண்ணா என்று வாடிக்கையாளர்கள் ஒதுங்கினார்கள். வீட்டையே வகுப்பறையாக்கி மோஷன் ஸ்டடி பாடம் நடத்தினார். பிறகு, பெண்களுக்கான விஷயம் என்று ஆண் இன்ஜினியர்கள் தொடாத வேலைகளைத் தேடிப் போனார். மேசிஸ் டிபார்ட்மெண்ட் ஸ்டோரில் பெண் ஊழியர்களின் வேலைமுறையை ஆராய்ந்தார். ஜான்சன் அண்டு ஜான்சனுக்காக சானிட்டரி நாப்கின் பற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் கருத்துக் கேட்டு, சந்தையில் இருப்பது உடலுக்குப் பொருந்தவில்லை என்று 1920-களிலேயே அறிக்கை கொடுத்தார். புரூக்ளின் கேஸ் கம்பெனிக்காக அடுப்பு, மேடை, பாத்திரம் எல்லாம் எட்டும் தூரத்தில் வரும் சமையலறையை 1929-ல் வடிவமைத்தார். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டியும் ஃபிரிட்ஜ் கதவின் உள்தட்டும் இவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. வேடிக்கை என்னன்னா, அவருக்குச் சமையல் அவ்வளவா வராது. வீட்டுச் சமையலறை வேறொருவர் கையில் இருந்தது.

மந்தநிலைக் காலத்தில் ஹூவர் அரசின் வேலைவாய்ப்புக் குழுவில் பெண்கள் பிரிவைக் கவனித்தார். 1935-ல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் முதல் பெண் இன்ஜினியரிங் பேராசிரியர் ஆனார். மாணவிகளுக்கு வேலை வழிகாட்டும் பொறுப்பும் பார்த்தார். 1965-ல், 87 வயதில், அமெரிக்கத் தேசியப் பொறியியல் அகாடமிக்குத் தேர்வான முதல் பெண்ணும் அவரே.

பொதுமக்களுக்கு அவரைத் தெரிந்தது வேறு வழியில். பிள்ளைகளில் இருவர் எழுதி 1948-ல் வந்த 'சீப்பர் பை தி டஸன்' புத்தகமும் அதன் சினிமாவும் பெரிய ஹிட். அதில் கலகலப்பான அப்பாதான் ஹீரோ; அம்மா பெரும்பாலும் பொறுமையான அம்மா. அப்பா இறந்து, அம்மா கப்பலேறும் இடத்தோடு கதை முடிந்துவிடும். 1924-ல் அந்தக் கப்பலில் ஏறியபோது லில்லியனுக்கு வயசு 46. அவர் இறந்தது 1972 ஜனவரி 2-ல்.